நைல் கரையின் மண் மாடங்கள்

நம் ஊர்களில் ஒரு குடும்பம் தழைத்த கதையைச் சொல்ல வருவோர், அக்குடும்பத்தின் வீட்டைச் சொல்லியே தொடங்குவர். பாட்டனார் காலத்தில் மண் சுவரும் கீற்றுக் கூரையும். வாப்பா கொழும்புக்கோ பினாங்குக்கோ சென்று பொருளீட்டித் திரும்பியபின் காரைச் சுவரும் ஓட்டுக் கூரையும். பிள்ளைகள் அரபு நாடுகளுக்குச் சென்றபின் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். இவ்வரிசையில் மண் வீடு எப்போதும் முதற்படியிலேயே நிற்கிறது. ஏறிக் கடந்து, பின்பு திரும்பிப் பாராமல் விட்டுவிட வேண்டிய படியாகவே அது கருதப்படுகிறது. அடைமழையில் சுவர் கரைந்து விழக் கண்டவர்களிடம் மண் வீட்டின் பெருமையைப் பேசுவது எளிதன்று. அப்பெருமையைப் பேசுவோருள் பெரும்பாலார் அதில் குடியிருந்தவரல்லர் என்பதும் உண்மையே.

எனினும், மண் வீடு என்பது வறுமையின் அடையாளம் மட்டுமே, அதில் கலையும் அறிவும் இல்லை என்னும் எண்ணம் வரலாற்றோடு பொருந்துவதாக இல்லை. இதனை, சென்ற நூற்றாண்டில் எகிப்து நாட்டில் நிகழ்ந்த ஒரு பெருமுயற்சியைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம். ஏழை உழவர்க்கு மண்ணாலேயே அழகிய ஊர் ஒன்றை அமைத்துத் தர எடுத்துக்கொண்ட முயற்சி அது. அது தோற்றுப்போயிற்று என்றே பலரும் எழுதியுள்ளனர். அங்கே தோற்றது மண்ணா, வேறெதுவுமா என்பதே நம் கேள்வி.

வெயிலில் காயவைத்த, சூளையில் இடாத மண் கல்லை நம் பக்கத்தார் பச்சைக்கல் என்பர். அரபியில் அது 'தூப்'. பண்டை எகிப்தியரின் மொழியிலிருந்து கிப்திய மொழி வழியாக அரபிக்கு வந்த சொல் இது. அரபிகளோடு இச்சொல் அந்தலுஸுக்குச் சென்றது. 'அத்தூப்' என்பது ஸ்பானியர் நாவில் 'அடோபி' ஆயிற்று. அவர்களோடு கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்தையும் அடைந்தது. இன்று உலகெங்கும் கட்டடக் கலைஞர்கள் மண் கல்லை அப்பெயராலேயே அழைக்கின்றனர். நைல் ஆற்றின் வண்டலை மிதித்துக் கல்லறுத்த ஏதோ ஓர் உழவனின் வாய்ச்சொல் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மாளாமல் நடமாடுகிறது எனலாம்.

ஃபிர்அவ்ன் தன் அமைச்சன் ஹாமானிடம், களிமண்ணைச் சுட்டு உயர்ந்த மாளிகை ஒன்றை எழுப்புமாறு ஆணையிட்ட செய்தி திருக்குர்ஆனின் அல்கஸஸ் அத்தியாயத்தில் வருவதை வாசகர்கள் அறிவார்கள். சுட்ட கல் அங்கே செருக்கின் கருவியாகக் காட்சி தருகிறது. அந்நாட்டின் பொதுவழக்கோ சுடாத கல்தான். கோயிலுக்கும் கல்லறைக்கும் பாறையை வெட்டிக் கொணர்ந்த அம்மன்னர்கள், தாம் வாழ்ந்த அரண்மனைகளை மண் கல்லாலேயே கட்டிக்கொண்டனர். மன்னன் வீட்டுச் சுவரும் உழவன் வீட்டுச் சுவரும் ஒரே வண்டலிலிருந்து எழுந்தவை.

மண் வீட்டைப் பற்றிப் பேசும் முஸ்லிம் வீடுகளில் மதீனாவை நினையாமல் இருக்க இயலாது. ஹிஜ்ரத்துக்குப் பின் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளிவாசல் பச்சைக்கல் சுவரும், பேரீச்ச மரத் தூண்களும், பேரீச்ச மட்டைக் கூரையும் கொண்டது. தோழர்களோடு தோழராக அவர்களும் கல் சுமந்தார்கள். ஒரு ரமலான் இரவில் கூரை ஒழுகி, ஸுஜூதிலிருந்து எழுந்த அவர்களின் நெற்றியில் ஈரமண் ஒட்டியிருந்ததைத் தோழர்கள் கண்டனர். பள்ளியை ஒட்டி அமைந்த அவர்களுடைய துணைவியரின் அறைகளும் அத்தகையனவே. கையை உயர்த்தினால் கூரை தொடும் என்பது ஹஸன் பஸரீ அவர்கள் தம் இளமையில் கண்டு சொன்ன செய்தி. உமையா கலீஃபா வலீதின் காலத்தில், ஹிஜ்ரீ முதல் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், பள்ளியை விரிவாக்குவதற்காக அவ்வறைகள் இடிக்கப்பட்டன. அன்று மதீனா அழுதது. அவ்வறைகளை அப்படியே விட்டிருந்தால் பின்வரும் தலைமுறையினர் அவற்றைக் கண்டு, எவ்வளவு சிறியதைக் கொண்டு மனநிறைவோடு வாழ்ந்தார்கள் என்று அறிந்திருப்பார்களே என ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) வருந்தியதாக வரலாற்றாசிரியர் குறிப்பர்.

இனி எகிப்துக்கு வருவோம்.

ஹஸன் ஃபத்ஹீ 1900ஆம் ஆண்டு அலெக்சாந்திரியா நகரில், நிலபுலங்கள் உடைய குடும்பம் ஒன்றில் பிறந்தார். 1926இல் கெய்ரோவில் கட்டடக்கலைப் பட்டம் பெற்றார். அந்நாளில் எகிப்தில் கட்டடக்கலை கற்பது என்றால் ஐரோப்பியக் கட்டடங்களைப் பார்த்து வரையக் கற்பது என்றே பொருள். அவரும் அவ்வாறே கற்றார். பிறகு பணியின் பொருட்டுச் சிற்றூர்களுக்குச் சென்றபோதுதான், தம் நாட்டு உழவர்கள் வாழும் குடிசைகளின் அவலம் அவர் கண்ணில் பட்டது. அவர் நெஞ்சில் எழுந்த கேள்வி எளியது: இம்மக்களால் சிமெண்டும் இரும்பும் வாங்க இயலாது, மரமோ அந்நாட்டில் அரிது, ஆயினும் காலடியில் மண் இருக்கிறது, அவர்கள் காலமெல்லாம் அதைக் கொண்டே கட்டி வருகிறார்கள், இதைக் கொண்டே நல்ல வீடு ஏன் கட்டக்கூடாது?

இரண்டாம் உலகப் போர் மூண்டு, கம்பியும் மரமும் கிடைக்காமற் போன 1941இல், பஹ்தீம் என்னும் இடத்தில் வேளாண்மைக் கழகத்தின் பண்ணைக்கு வீடுகள் கட்டும் பணி அவரிடம் வந்தது. மண் கல்லால் சுவர் எழுப்புவதில் தடையேதும் இல்லை. தடை கூரையில்தான் இருந்தது. சுவரை மண்ணால் எழுப்பிவிட்டுக் கூரைக்கு உத்திரமும் வரிச்சும் விலைகொடுத்து வாங்குவதானால் ஏழைக்கு என்ன பயன்? மண் கல்லாலேயே வளைவுக் கூரை அமைக்க முயன்றார். அடியில் மரச்சாரம் கொடுத்துக் கட்டினால் மரச்செலவு மீண்டும் வந்து நின்றது. கட்டிய கூரைகளும் வெடித்து விழுந்தன. அப்போது அஸ்வான் அணைப் பணியில் இருந்த அவருடைய தமையனார், தென்கோடியில் வாழும் நூபிய மக்கள் எந்த முட்டும் இல்லாமல் மண் கல்லாலேயே கூரை வளைக்கின்றனர் என்று தெரிவித்தார்.

ஃபத்ஹீ அஸ்வானுக்குச் சென்றார். ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள கர்ப் அஸ்வான் என்னும் சிற்றூரில் நுழைந்ததும் தாம் தேடியது கண்முன் நிற்கக் கண்டார். வெள்ளையடித்த உயர்ந்த வீடுகள். ஒவ்வொன்றும் தனித்தனி வடிவினது. ஒவ்வொன்றின் மேலும் வில்லாய் வளைந்த மண் கூரை. கட்டடக்கலைப் பள்ளியின் வாசலை மிதிக்காத கொத்தனார்கள் கட்டிய ஊர் அது. இக்கலையின் பழமையை அறிய அவர் நெடுந்தொலைவு போக வேண்டியிருக்கவில்லை. லக்ஸர் நகருக்கு எதிர்க்கரையில் ரமேஸஸ் மன்னனின் கோயிலை அடுத்துள்ள தானியக் களஞ்சியங்கள் இதே முறையில் வளைக்கப்பட்டு, ஏறத்தாழ 3,200 ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கின்றன. மண் ஓராண்டு மழைக்குத் தாங்காது என்று அலட்சியமாகக் கூறுவோர் இக்களஞ்சியங்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். மழை அரிதான நாடு என்பதையும் உடன் எண்ண வேண்டும்தான்.

அந்நூபியக் கொத்தனார்களின் வேலைமுறையைச் சற்று விரித்துரைப்போம். கட்டட வேலை அறிந்த வாசகர்கள் அதன் நுட்பத்தைச் சுவைப்பார்கள்.

முதலில் மண். வண்டல் மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மணலும், நறுக்கிய வைக்கோலும் நீரும் சேர்த்துக் குழைத்து, இரண்டு நாள் ஊறப்போட்டுப் புளிக்க வைப்பர். புளித்த வைக்கோலின் சாறு மண்ணை இறுகப் பிடிக்கும். புளிக்காத மண்ணில் அறுத்த கல் உறுதி குறைந்தது. நீரையும் எளிதில் உறிஞ்சும். கூரைக்குரிய கல்லைத் தனியே அறுப்பர். அதில் வைக்கோல் மிகுதி. ஆதலால் எடை குறைவு. நீளம் ஏறத்தாழ 25 செ.மீ., அகலம் 15 செ.மீ., கனம் 5 செ.மீ. மட்டுமே. கல் ஈரமாக இருக்கும்போதே அதன் முகத்தில் விரல்களால் குறுக்காக இரு கோடுகளை ஆழ இழுத்துவிடுவர். இக்கோடுகள் அழகுக்கு அன்று. ஈரச் சாந்தின்மேல் அழுத்தியதும் கல் கவ்விப் பிடித்துக்கொள்ள இவையே காரணம்.

அடுத்துக் கூரை. பக்கச் சுவர்கள் இரண்டையும் வேண்டிய உயரத்தில் நிறுத்திக்கொண்டு, முனைச் சுவரை மட்டும் மேலே எழுப்புவர். அதன் முகத்தில் ஈரச் சாந்தை அப்பி, வாய்ச்சியால் செதுக்கி, ஒரு வளைவை உருவாக்குவார் கொத்தனார். கயிறில்லை, வட்டக்கோல் இல்லை, கண்ணே அளவு. அவ்வளைவு அரைவட்டமும் அன்று. சங்கிலி ஒன்றின் இரு நுனிகளையும் பிடித்துத் தொங்கவிட்டால் அது எவ்வடிவில் தொங்குமோ அவ்வடிவத்தைக் கவிழ்த்தாற்போன்றது. அத்தகைய வளைவில் ஒவ்வொரு கல்லும் தன்னை அடுத்த கல்லை அழுத்துமே அல்லாமல், எந்த இடத்திலும் இழுவிசை தோன்றாது. மண் கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஐரோப்பியப் பொறியாளர்கள் கணக்கிட்டுக் கண்ட அவ்வடிவத்தை நூபியர் கையால் வரைந்தனர்.

பிறகு பக்கச் சுவரின்மேல், முனைச் சுவரை ஒட்டி, முதற் கல்லைச் செங்குத்தாக நிறுத்துவர். அதன் அடியில் ஆப்பு வடிவில் சாந்தை வைப்பதால் கல் முனைச் சுவரின்மேல் சாய்ந்து நிற்கும். அதற்கு மேலொரு கல், எதிர்ப்புறத்தில் அதே போல. ஒவ்வொரு வரிசையும் தனக்கு முந்திய வரிசையின்மேல் சாய்ந்துகொண்டே போகும். சாய்ந்து நிற்பதனாலேயே, வளைவு முற்றுப்பெறும் முன்பும் கல் நழுவி விழுவதில்லை. முட்டு வேண்டாம், சாரம் வேண்டாம், மரத்துண்டு ஒன்றும் வேண்டாம். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே மேற்புறத்தில் விழும் இடைவெளியில் சாந்தை இடாமல் ஓட்டுச் சில்லையும் கல் துண்டையும் செருகுவர். சாந்து காயும்போது சுருங்கும். சுருங்கினால் வளைவு தொய்ந்துவிடும் என்பது அவர்கள் பட்டறிவு. இருவர் கூடி ஓரிரு நாளில் ஓர் அறைக்குக் கூரை முடித்துவிடுவர். ஃபத்ஹீ இக்கொத்தனார்கள் சிலரை வடக்கே அழைத்துச் சென்றார். பஹ்தீமில் விழுந்த கூரைகள் அவர்கள் கைபட்டதும் நின்றன.

1945இல் அவர் வாழ்வின் பெரும்பணி வந்து வாய்த்தது. லக்ஸருக்கு எதிர்க்கரையில், பண்டைத் தீப்ஸ் நகரத்துப் பிரபுக்களின் கல்லறைகள் நிறைந்த குன்றின்மேல் குர்னா என்னும் ஊர் இருந்தது. ஐந்து குடியிருப்புகளில் ஏறத்தாழ 7,000 பேர் வாழ்ந்தனர். வீட்டுக்கு அடியிலேயே கல்லறை. கல்லறைக்குள் விலைமதிப்பற்ற பழம்பொருள். உழவு நிலம் சிலருக்கே இருந்தது. பழம்பொருளைத் தோண்டி விற்பதிலும், வெளிநாட்டுப் பயணிகளுக்கு வழிகாட்டுவதிலும் பலர் பிழைத்தனர். பதிவேட்டில் இடம்பெற்ற பாறைச் சிற்பம் ஒன்று அப்படியே பெயர்த்துக் களவாடப்பட்டபோது நாடே அதிர்ந்தது. ஊரையே குன்றிலிருந்து இறக்கிவிடத் தொல்பொருள் துறை தீர்மானித்தது. ஆற்றை அடுத்த வயற்காட்டில் 50 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. 900 குடும்பங்களுக்கான புதிய குர்னாவை மண்ணால் அமைக்கும் பொறுப்பு ஃபத்ஹீயிடம் ஒப்படைக்கப்பட்டது.

அரசுக் குடியிருப்பு என்றதும் நம் மனக்கண்ணில் வரும் ஒரே அச்சில் வார்த்த வரிசை வீடுகளை அவர் வெறுத்தார். ஒரு வீடு மற்றொன்றைப் போல் இருத்தலாகாது. குடும்பத்தின் அளவுக்கும் வழக்கத்துக்கும் ஏற்ப அமைய வேண்டும் என்றார். உறவுமுறையார் சேர்ந்து வாழும் பகுதிகள், அவற்றின் நடுவே பொது முற்றம், ஒவ்வொரு வீட்டினுள்ளும் வானம் பார்த்த உள்முற்றம், கால்நடைக்குத் தொழுவம், ரொட்டி சுட அடுப்பு என எண்ணி எண்ணி வரைந்தார். காயல்பட்டணம், கீழக்கரை போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு, பெண்கள் தடையின்றி உலவும் உள்முற்றத்தின் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துக்கு 'மல்கஃப்' என்னும் காற்றுவாங்கி அமைத்தார். கூரைக்கு மேல் எழுந்த கோபுரம், உயரத்தில் வீசும் காற்றைப் பிடித்து, நீரில் நனைத்த கரியின் வழியே இறக்கி, குளிர்ந்த காற்றாய் வகுப்பறைக்குள் விடும். பள்ளிவாசல், சந்தை, கைத்தொழிற்கூடம், நாடக அரங்கு ஆகியன எழுந்தன. நூபியக் கொத்தனார்கள் ஊர் இளைஞர்களுக்குத் தொழில் பழக்கினர். பள்ளிவாசலின் வெண்மையான சுவர்களும், வெளிப்படிகள் ஏறிச் செல்லும் மினாராவும் இன்றும் காண்போர் மனத்தைக் கவர்வன.

மூன்று கட்டடப் பருவங்கள் கழிந்தன. பணமும் பொருளும் அலுவலகங்களில் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தன. துறைக்குத் துறை பகை. 1940களின் இறுதியில் பணி நின்றபோது, திட்டமிட்டதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே முடிந்திருந்தது. அதைவிடப் பெரிய செய்தி, குன்றின்மேல் இருந்தவர்கள் இறங்கி வரவில்லை என்பது. ஒருமுறை ஆற்றுநீரைத் தடுத்திருந்த கரையை வெட்டிவிட்டுப் புதிய ஊரை மூழ்கடிக்கவும் முயன்றனர் என ஃபத்ஹீயே தம் நூலில் எழுதுகிறார்.

ஏன் வரவில்லை? மண் வீடென்று வெறுத்தார்களா? அவர்கள் குன்றின்மேல் வாழ்ந்ததும் மண் வீட்டில்தான். வெறுப்பின் வேர் வேறிடத்தில் இருந்தது. குன்றை விட்டு இறங்கினால் பிழைப்பு போகும். அந்த 50 ஏக்கரில் வீட்டுக்கு இடமுண்டு, வயிற்றுக்கு வழியில்லை. இரண்டாவது, வளைவுக் கூரையும் குவிமாடமும் அந்த ஊராருக்கு அன்னியம். மேல் எகிப்து மக்களுக்குக் குவிமாடம் என்றால் வலிமாரின் அடக்கத்தலம். நம்மில் ஒருவருக்கு நாகூரிலோ ஏர்வாடியிலோ உள்ளது போன்ற குப்பாவைத் தலைக்குமேல் வைத்து, இதில் மனைவி மக்களோடு குடியிரு என்றால் எப்படியிருக்கும்? அஸ்வான் நூபியருக்கு இயல்பாயிருந்த வடிவம், வடக்கே வாழ்ந்த குர்னா மக்களுக்குக் கப்றாகத் தோன்றியது. எகிப்திய மரபு என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஊருக்கு ஊர் மரபு வேறு என்பதை அப்பெருங்கலைஞர் போதிய அளவு கருதவில்லை என்பதே நம் கருத்து.

மூன்றாவது காரணம் எல்லாவற்றிலும் முதன்மையானது. அவர்களை எவரும் கேட்கவில்லை. நிலத்தை எடுத்துக்கொள்ளும் ஆணை மேலிருந்து வந்தது. வீடும் மேலிருந்தே வந்தது. ஃபத்ஹீ கேட்க விரும்பினார். அதற்கு முயன்றும் இருக்கிறார். வீட்டில் வாழப்போகும் பெண்களின் எண்ணத்தை அறிவது இன்றியமையாதது என்றும், அயல் ஆடவர் அப்பெண்களோடு பேச இயலாது என்றும், அதற்குத் தக்க பெண் பணியாளர் வேண்டுமென்றும் அவர் எழுதியுள்ளார். அப்பணியாளர்கள் வரவில்லை. அடுப்பு எங்கே இருக்க வேண்டும், தண்ணீர் எங்கே வைக்க வேண்டும் என்று நாள்தோறும் அவற்றோடு உழலும் பெண்ணிடம் கேட்காமல் 900 வீடுகளுக்குக் கணக்குப் போடப்பட்டது. நம் ஊரிலும் வெளிநாட்டிலிருந்து வரைபடம் அனுப்பி வீடு கட்டுவோர் உண்டு. குடிபுகுந்த மறுமாதமே கொல்லைப்புறத்தில் கீற்றுக் கொட்டகை ஒன்று எழுந்து, சமையல் அங்கே மாறிவிடுவதையும் நாம் காண்கிறோம்.

ஆக, குர்னாவில் மண்ணின்மேல் குற்றம் சுமத்த இடமில்லை. மண் வீட்டின் தகுதியை அளந்து பார்க்கும் வாய்ப்பு 1964இல் கெய்ரோவில் கிடைத்தது. கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் இரு மாதிரிக் கட்டடங்கள் எழுப்பப்பட்டன. ஒன்று, அரை மீட்டர் கனச் சுவரும் மண் கல் வளைவுக் கூரையும் கொண்டது. மற்றொன்று, தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளால் ஆனது. மார்ச்சு மாதத்தில் ஒரு நாள் முழுதும் வெப்பம் அளந்தனர். மண் கட்டடத்தினுள் இரவும் பகலும் வேறுபாடு 2 பாகைக்கு மேற்படவில்லை. 21 முதல் 23 பாகை செல்சியசுக்குள்ளேயே நின்றது. கான்கிரீட் கட்டடத்தினுள்ளோ 36 பாகை வரை ஏறிற்று. வெளிக்காற்றின் வெப்பத்தைவிட அது 9 பாகை மிகுதி. வெயிலுக்கு ஒதுங்க வீடு கட்டி, வெயிலைவிடக் கொதிக்கும் அறைக்குள் அமர்ந்து விசிறிக்கும் குளிரூட்டிக்கும் மின்கட்டணம் செலுத்தும் நம் நிலையை இதனோடு ஒப்பிட்டுக் கொள்க. தடித்த மண் சுவர் பகல் வெப்பத்தை மெல்ல வாங்கிக்கொண்டு, அது உள்ளே வந்து சேருமுன் இரவாகிவிடச் செய்கிறது. மெல்லிய கான்கிரீட் பலகைக்கு அப்பொறுமை இல்லை.

குர்னாவில் நடந்ததை ஃபத்ஹீ 1969இல் நூலாக வெளியிட்டார். 1973இல் அது சிகாகோ பல்கலைக்கழகத்தின் வழியே 'ஏழைகளுக்கான கட்டடக்கலை' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் வெளிவந்து உலகெங்கும் படிக்கப்பட்டது. சொந்த நாட்டில் ஒதுக்கப்பட்டவரைப் பிற நாடுகள் தேடி வந்தன. 1980இல் ஆகா கான் கட்டடக்கலை விருதின் தலைவர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. அதன்பின் அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்து அபிக்கியூ என்னும் இடத்தில், நூபியக் கொத்தனார்களை உடன் அழைத்துச் சென்று மண் கல்லாலேயே பள்ளிவாசல் ஒன்றை எழுப்பினார். 'அத்தூப்' என்னும் சொல் ஸ்பானியரோடு சென்று சேர்ந்த மண்ணுக்கு, அக்கல்லை வளைக்கும் கைகள் சில நூற்றாண்டுகள் கழித்துச் சென்று சேர்ந்தன. 1989இல் கெய்ரோவில் அவர் காலமானார்.

அக்கைகளின் சொந்த ஊர் என்னவாயிற்று? 1902இல் கட்டிய பழைய அஸ்வான் அணையை 1933இல் இரண்டாம் முறை உயர்த்தியபோது நூபியரின் வீடுகள் நீரில் மூழ்கின. அவர்கள் மேட்டுக்கு ஏறித் தம் கையாலேயே ஊர்களை மீண்டும் எழுப்பிக்கொண்டனர். கூரை வளைக்கத் தெரிந்தவருக்குக் காலடி மண் போதுமன்றோ! பின்பு உயரணை வந்தது. 1963-64இல் எகிப்திய நூபியர் ஏறத்தாழ 50,000 பேர் கோம் ஓம்போ வட்டாரத்துக்குப் பெயர்க்கப்பட்டனர். அங்கே அரசு வரிசை வரிசையாய்க் கட்டி முடித்த வீடுகள் அவர்களுக்காகக் காத்திருந்தன. தாமே ஊர் கட்டிய மக்கள் எண் இட்ட வீடுகளில் குடியேறினர். நாளடைவில் வாசலில் மண் திண்ணை வைத்தும், சுவரில் வண்ணம் தீட்டியும் அவ்வீடுகளைத் தமதாக்கிக்கொண்டனர். பழைய ஊர்கள் நாஸர் ஏரியின் அடியில் கிடக்கின்றன.

அணை மற்றொன்றையும் நிறுத்திவிட்டது. ஆண்டுதோறும் வெள்ளத்தோடு வந்து படிந்த வண்டல் 1964க்குப் பின் வருவதில்லை. வயலின் மேல்மண்ணை அள்ளிக் கல்லறுத்தால் அது மீளாது. ஆகவே விளைநிலத்து மண்ணைச் செங்கல்லுக்கு எடுப்பதை எகிப்து அரசு 1983இல் சட்டத்தால் தடுத்தது. அச்சட்டத்தைக் குறைகூற இயலாது. வண்டல் வந்த காலத்தில் சுவர் கரைந்தால் வயலுக்கு உரம். வயல் படிந்தால் சுவருக்கு மண். அச்சுழற்சி அறுந்துவிட்டது. மண் வீட்டைப் புகழ்வோர் எந்த மண், எங்கிருந்து வரும் மண் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

புதிய குர்னாவின் இன்றைய நிலையையும் கூறிவிடுவோம். நிலத்தடி நீர் மேலேறி, உப்புப் பூத்துச் சுவர்களின் அடியை அரித்தது. மண் வீடு தலையில் விழும் மழையைவிடக் காலடி ஈரத்துக்கே அஞ்சும் என்பதை நம் ஊர்க் கொத்தனார்களும் அறிவர். குடியேறியவர்களில் பலர் வீட்டை இடித்துக் கான்கிரீட்டில் கட்டிக்கொண்டனர். 2010இல் உலக நினைவுச்சின்ன நிதியம், அழிவுக்கு இலக்கான இடங்களின் பட்டியலில் இவ்வூரைச் சேர்த்தது. யுனெஸ்கோவும் எகிப்து அரசும் சில பொதுக் கட்டடங்களைச் செப்பனிட்டுள்ளன. குன்றின்மேல் இருந்த பழைய குர்னாவை 2006ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து சில ஆண்டுகளில் அரசு இடித்து, மக்களை வடக்கே கான்கிரீட் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டது. அறுபது ஆண்டுகளுக்கு முன் அழகிய மண் ஊருக்கு இறங்க மறுத்தவர்களின் பேரர்கள், ஒரே அச்சில் வார்த்த தெருக்களுக்கு இறங்கினர். இம்முறையும் ஆணை மேலிருந்தே வந்தது.

ஆனால் அந்த வளைவுக் கூரை எகிப்தோடு நின்றுவிடவில்லை. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில், சிறிதளவு சிமெண்ட் கலந்து அழுத்திச் செய்த மண் கற்களைக் கொண்டு நூபிய முறையில் கூரை வளைக்கின்றனர். அங்குள்ள பார்வையாளர் மையக் கட்டடம் 1992இல் ஹஸன் ஃபத்ஹீயின் பெயரால் அமைந்த, ஏழைகளுக்கான கட்டடக்கலை விருதைப் பெற்றது. அங்குள்ள மண் நிறுவனத்தில் பிற நாட்டாரும் வந்து இவ்வேலை பழகுகின்றனர். சென்னையிலிருந்து செல்லும் நம் குடும்பங்கள் வழியில் இறங்கிப் பார்க்கத் தக்க இடம் அது.

மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாஸோ நாட்டில் நடப்பது இன்னும் கருதத்தக்கது. அங்கே காடு அழிந்து உத்திரத்துக்கு மரம் இல்லாமற் போயிற்று. உழவர்கள் தகரக் கூரைக்கு மாறினர். கோடையில் தகரத்தின் கீழ் இருக்க முடியாது. தகரம் வாங்கப் பணமும் வேண்டும். 2000ஆம் ஆண்டில் போரோமோ வட்டாரத்து உழவர் ஸேரி யூலூவும், பிரெஞ்சுக் கொத்தனார் தோமா கிரனியேவும் சேர்ந்து, நூபிய வளைவுக் கூரையை அங்குள்ள உழவர்க்குக் கற்பிக்க ஓர் அமைப்பைத் தொடங்கினர். நூபியர் வளைவைக் கண்ணால் வரைந்தனர். இங்கே புதிதாய்க் கற்போர் கை தவறாமலிருக்கக் கயிறு கட்டிப் பழகுகின்றனர். அரசு கட்டித் தரும் வீடு அன்று அது. வீட்டுக்காரர் கல்லறுப்பார், நீர் சுமப்பார்; கொத்தனாருக்குக் கூலி கொடுப்பார்; அறை எத்தனை, வாசல் எப்பக்கம் என்பதையும் அவரே சொல்வார். ஒரு வீட்டில் கையாளாக நின்றவர் இரண்டாம் மூன்றாம் வீட்டில் கொத்தனார் ஆகிறார். மழை ஓய்ந்து அறுவடை முடிந்த மாதங்களில், வயலில் வேலையற்ற அவ்வுழவர்கள் மண்வெட்டியை வைத்துவிட்டுச் சாந்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கூரை வளைக்கப் புறப்படுகின்றனர்.